பந்தயக் கார்களைப் பார்க்க ஒரு நாள்: மெர்சிடிஸா, போர்ஷேயா, ஆடியா, பிஎம்டபிள்யூவா?

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கோ அலுவல் நிமித்தமாகவோ வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கையில் ஒரு நாள்தான் இருக்கிறது, பந்தயக் கார்கள் என்றால் உயிர், எந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போவது? மெர்சிடிஸும் போர்ஷேயும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கின்றன. பிஎம்டபிள்யூ மியூனிக்கில், ஆடி இங்கோல்ஸ்டாட்டில். நான்கு நிறுவனங்களும் தங்கள் பந்தயப் பாரம்பரியத்தைப் பற்றி நெஞ்சை நிமிர்த்திப் பேசுபவை. நான்கையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. இரண்டைப் பார்க்கலாம், அதுவும் சரியாகத் திட்டமிட்டால்.

பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் கட்டடத்தின் அழகையும் கார்களின் எண்ணிக்கையையும் சொல்லி முடிந்துவிடுகின்றன. சாலைக் கார்களை ரசிக்க வருபவருக்கு அது போதும். பந்தயக் காருக்காக வருபவர் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, நிற்கும் கார் அசலா என்பது. பந்தயக் காரின் அடிச்சட்டத்துக்கு (சேஸி) ஓர் எண் உண்டு. எந்த எண் எந்த ஊரில், யார் கையில் ஓடியது என்பதற்குப் பதிவுகள் உண்டு. வென்ற அந்தக் காரே கண்ணெதிரே நிற்பது ஒன்று, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கார் நிற்பது வேறு, பிற்காலத்தில் மறுபடி கட்டியது இன்னும் வேறு. மூன்றையும் பார்க்கலாம், தவறில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பொறியியல் கண்ணுக்குத் தெரிகிறதா? பந்தயக் கார் என்பது ஏதோ ஒரு விதிமுறைக்கும் ஏதோ ஒரு சிக்கலுக்கும் சிலர் கண்டுபிடித்த விடை. வண்ணமும் வளைவும் தெரிந்தால் போதாது. எடையை எங்கே குறைத்தார்கள், காற்றை எப்படி அடக்கினார்கள் என்பது புரிய வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். வரலாற்றை முழுதாகப் பார்க்க இடம் இருக்கிறதா? ஜெர்மனியின் பந்தயப் புகழ் உச்சத்துக்குப் போனது 1934 முதல் 1939 வரை. அந்த ஆண்டுகளில் மெர்சிடிஸுக்கும், இன்றைய ஆடியின் முன்னோடியான ஆட்டோ யூனியனுக்கும் நாஜி அரசு பணம் கொடுத்தது. வெற்றிகளைத் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அந்தக் கார்களின் முன் நின்று குதிரைத்திறனை மட்டும் படித்துவிட்டு வருவது பாதி வரலாற்றைப் பார்ப்பதுதான்.

மற்றவை நடைமுறை: நேரம், ரயில் செலவு, கால்வலி, கூட வருகிறவர்களின் பொறுமை.

## மெர்சிடிஸ்-பென்ஸ், ஸ்டுட்கார்ட்

உண்டர்டுர்க்ஹைம் தொழிற்சாலையின் வாசலில், 2006-இல் திறக்கப்பட்ட ஒன்பது தளக் கட்டடம். ஸ்டுட்கார்ட் தலைமை ரயில் நிலையத்திலிருந்து எஸ்1 புறநகர் ரயிலில் நெக்கார்பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தால் வந்துவிடும். உள்ளே நுழைந்ததும் லிஃப்டில் உச்சித் தளத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே 1886-இல் தொடங்கி, சுழன்று சுழன்று கீழே இறங்கிவர வேண்டும். நூற்று அறுபது வண்டிகள்.

பந்தய ரசிகர் இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பந்தயக் கூடம் கடைசியில், கீழே இருக்கிறது. சாய்ந்த பந்தயப் பாதை ஒன்றைக் கட்டி, அதன்மேல் காலவரிசைப்படி கார்களை நிறுத்தியிருக்கிறார்கள். மேலேயிருந்து ஒவ்வொரு தளத்தையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், இங்கே வந்து சேரும்போது கால் ஓய்ந்திருக்கும், மூடும் நேரமும் நெருங்கியிருக்கும். மேல் தளங்களை விரைவாகக் கடந்து, இந்தக் கூடத்துக்கென்று ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அப்படி ஒதுக்கினால் கிடைப்பது சாதாரணமானதல்ல. 1911 ஏப்ரலில் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் பாப் பர்மன் மணிக்கு 228 கி.மீ. வேகத்தைத் தொட்ட பிளிட்சன் பென்ஸ், 21.5 லிட்டர் எஞ்சின் கொண்ட பூதம். 1914 ஜூலை 4 அன்று லியோனில் பிரெஞ்சு கிராண்ட் பிரீயின் முதல் மூன்று இடங்களையும் மெர்சிடிஸ் வென்றது. அடுத்த மாதமே இரு நாடுகளும் போரில் இறங்கிவிட்டன. அதன் பிறகு வெள்ளி அம்புகள் எனப்படும், முப்பதுகளின் வெள்ளி நிறப் பந்தயக் கார்கள்.

வெள்ளி அம்பு என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு, இங்கே வரும் எல்லோரும் கேட்டிருப்பார்கள். 1934 ஜூனில் நூர்பர்க்ரிங்கில் ஐஃபெல் பந்தயத்துக்கு முந்தைய நாள், டபிள்யூ 25 கார் 750 கிலோ வரம்பைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். அணி மேலாளர் ஆல்ஃபிரட் நாய்பாவர், ஜெர்மனியின் வழக்கமான வெள்ளை வண்ணத்தை இரவோடு இரவாகச் சுரண்டி எடுக்கச் சொன்னாராம். அலுமினியம் பளபளக்க, மறுநாள் மான்ஃபிரட் ஃபோன் பிராவ்சிட்ச் வென்றார். வென்றது உண்மை. சுரண்டிய கதையை வரலாற்று ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. அந்தப் பந்தயம் 750 கிலோ விதியின்படி நடந்ததே அல்ல என்பது அவர்களின் வலுவான வாதம். ஓட்டுநர்களும் மேலாளரும் பிற்காலத்தில் சொன்ன கதை அது. கதை அழகானது என்பதற்காக அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

அதே கூடத்தில் கனத்த நாள் ஒன்றும் இருக்கிறது. 1938 ஜனவரி 28 காலை, ஃபிராங்க்ஃபர்ட்–டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் ருடால்ஃப் கராச்சியோலா மெர்சிடிஸில் மணிக்கு 432 கி.மீ.க்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அதை முறியடிக்க, காற்று எழும்பத் தொடங்கிய நேரத்தில், ஆட்டோ யூனியன் காரில் கிளம்பிய பெர்ன்ட் ரோஸமையர் சாலையிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். வயது 28. இரண்டு நிறுவனங்களையும் முட்டி மோத வைத்து வேடிக்கை பார்த்தது ஆட்சி. சாதனைக் காரைப் பார்க்கும்போது இறந்தவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் டி80 என்ற ஆறு சக்கர வண்டியையும் பாருங்கள். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது, 44.5 லிட்டர் விமான எஞ்சினுக்காகக் கட்டியது. போர் வந்ததால் சாதனை முயற்சிக்கு அது கிளம்பவே இல்லை.

போருக்குப் பின் 1954–55. அர்ஜென்டினா வீரர் ஃபான்ஜியோ அந்த இரண்டு ஆண்டுகளின் ஃபார்முலா 1 உலகப் பட்டங்களையும் வென்ற டபிள்யூ 196, அதன் உறவான 300 எஸ்எல்ஆர். 1955 மே மாதம் இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் உட்கார்ந்து வழி சொன்னார். முன்னதாகவே பாதை முழுவதையும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் ரயில்வே கேட்டையும் பல மீட்டர் நீளக் காகிதச் சுருளில் எழுதி, ஒளி ஊடுருவும் சின்ன ஜன்னல் வைத்த உலோகப் பெட்டிக்குள் அதைச் சுருட்டி வைத்திருந்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. ஆகவே சுருளைத் திருப்பிப் படித்து, கைச் சைகையால் சொன்னார். மேட்டுக்கு அப்பால் பாதை நேராகப் போகிறது என்று அந்தக் கை சொன்னால், எதிரே எதுவும் தெரியாத மேட்டில் மாஸ் வேகத்தைக் குறைக்காமல் ஏறினார். சுமார் 1,600 கி.மீ. பொதுச் சாலையை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். காரின் எண் 722, காலை 7.22-க்குப் புறப்பட்டதால் வந்த எண்.

ஆறு வாரத்துக்குள், 1955 ஜூன் 11 அன்று, பிரான்ஸின் லே மானில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில், பியர் லெவே ஓட்டிய 300 எஸ்எல்ஆர் பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்தது. மக்னீசியக் கலவையால் ஆன உடல் கொழுந்துவிட்டு எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டே விலகியது. நிறுவனத்தின் சொந்த கிராண்ட் பிரீ அணி திரும்பி வர 2010 ஆனது. 722-இன் புகழும் லெவேயின் சாவும் ஒரே வகைக் காரின் ஒரே ஆண்டு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு இந்தக் கூடத்துக்கு ஈடு வேறு எங்கும் இல்லை.

குறை என்ன? பொறியியலை நெருங்கிப் பார்ப்பது கடினம். சாய்ந்த பாதையின்மேல் நிற்கும் கார்கள் பார்வைக்குப் பிரமாதம். எஞ்சினை எட்டிப் பார்க்கத் தோதில்லை. ஹாமில்டன் காலத்து ஃபார்முலா 1 கார்களுக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கார்கள் உருவானது இங்கிலாந்தின் பிராக்லியிலும் பிரிக்ஸ்வொர்த்திலும். ஸ்டுட்கார்ட்டின் கைவேலை என்று சொல்லத்தக்கவை பழையவைதான்.

## போர்ஷே, ஸ்டுட்கார்ட்

அதே நகரத்தின் இன்னொரு முனையில், ட்சுஃபன்ஹவுசன் தொழிற்சாலைக்கு எதிரே, 2009-இல் திறந்த அருங்காட்சியகம். எஸ்6 ரயிலில் நாய்விர்ட்ஸ்ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் வாசல். மெர்சிடிஸுக்கு ஆகும் நேரத்தில் பாதி போதும்: எண்பது வண்டிகள் அளவில்தான் இருக்கும், ஆனால் அவற்றில் பந்தயக் கார்களின் பங்கு மிக அதிகம். பந்தயத்துக்குத் தனிக் கூடம் கிடையாது. சாலைக் காரும் பந்தயக் காரும் கலந்தே நிற்கின்றன. போர்ஷேயின் வரலாறும் அப்படித்தான். 1951-இல் லே மானுக்கு முதன்முதலாகப் போய் 1,100 சிசி பிரிவை வென்ற 356 எஸ்எல் கார், அவர்கள் விற்றுக்கொண்டிருந்த காரின் நெருங்கிய உறவுதான்.

பொறியியல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது போர்ஷே. 956 காரைத் தலைகீழாகக் கூரையில் பொருத்தியிருக்கிறார்கள். மணிக்கு முந்நூற்று இருபது கி.மீ. அளவில் போனால் காற்றின் அழுத்தமே காரைக் கூரையோடு பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கை விளக்கும் ஏற்பாடு இது. காரின் அடிப்பகுதியில்தான் வித்தை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 1982 லே மானில் 1, 2, 3 என்ற எண்களைத் தாங்கிய மூன்று 956 கார்களும் அதே வரிசையில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. 1968-ஆம் ஆண்டு மலையேற்றப் பந்தயத்துக்கான 909 கார் 384 கிலோதான். எடை என்ற ஒன்றின் மீது போர்ஷேயின் பொறியாளர் ஃபெர்டினாண்ட் பீய்ஹ் கொண்டிருந்த பிடிவாதம் அதில் தெரியும்.

ஆனால் நின்று பார்க்க வேண்டியது 917. 1969-இல் பீய்ஹின் தலைமையில், ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த 12 சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சினோடு உருவான கார். விதிப்படி 25 கார்கள் தயாராக இருந்தாக வேண்டும். தொழிற்சாலை முற்றத்தில் 25-ஐயும் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். அலுமினியக் குழாய்ச் சட்டம் அவ்வளவு மெல்லியது என்பதால், சில கார்களில் குழாய்களுக்குள் வாயுவை அடைத்து, ஓட்டுநர் பார்க்கும்படி அழுத்தமானி வைத்தார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ பற்றவைப்பு விரிந்திருக்கிறது என்று பொருள். கியர் குமிழ்கூட எடையைக் குறைப்பதற்காக மரத்தில் செய்தது.

இத்தனை இருந்தும் முதல் ஆண்டில் 917 ஓட்டுநர்களைப் பயமுறுத்தியது. வேகம் கூடக் கூடப் பின்புறம் நிலைகொள்ளாமல் ஆடியது. 1969 லே மானின் முதல் சுற்றிலேயே, சொந்தமாக ஒரு 917 வாங்கி வந்திருந்த ஜான் உல்ஃப் இறந்துபோனார். அந்த அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் பந்தயப் பாதையில் சோதனை நடந்தது. பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன், ஓடி வந்து நின்ற காரைக் கவனித்தார். முன்பக்கமெல்லாம் செத்த கொசுக்கள் அப்பியிருந்தன. பின்பக்கத்துத் தகடுகளில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. காற்று அங்கே தொடாமலே போகிறது என்று அவருக்குப் புரிந்தது. அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி ஒட்டி, வாலைக் குட்டையாக்கி மேலே உயர்த்தினார்கள். கார் அடங்கியது. அடுத்த ஆண்டு ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் போர்ஷேவுக்கு முதல் லே மான் ஒட்டுமொத்த வெற்றியைத் தேடித் தந்தார்கள். 1971-இல் மக்னீசியச் சட்டம் கொண்ட 917 ஓடிய 5,335 கி.மீ. தூரத்தை 2010 வரை எவரும் தாண்டவில்லை. உயர்ந்து நிற்கும் அந்த வாலின் பக்கத்தில் நின்று பாருங்கள். கொசு எழுதிய தீர்ப்பு அது.

போர்ஷேயில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. தங்களுடையது உருளும் அருங்காட்சியகம் என்று பெருமையோடு சொல்வார்கள். வண்டிகள் ஓடும் நிலையில் இருக்கின்றன. விழாக்களுக்கும் பந்தய நினைவு நிகழ்ச்சிகளுக்கும் வெளியே போகின்றன. காருக்கு அதைவிட நல்ல வாழ்வு இல்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு 917-க்காகவே நீங்கள் கடல் கடந்து வந்திருந்தால், அது அன்றைக்கு இங்கிலாந்தின் குட்வுட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். கோடையில் இந்த வாய்ப்பு அதிகம். போகும் முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ஈடாக ஒன்று கிடைக்கும்: நுழைவுக் கூடத்திலிருந்தே கண்ணாடிக்கு அப்பால் பட்டறை தெரியும், திறந்து வைத்த எஞ்சின்களோடு.

முழு வரலாறு? இங்கே ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள்: அடோல்ஃப் ரோசன்பெர்கர். ஃபோர்ஸ்ஹைமைச் சேர்ந்த யூதர். பென்ஸ் நிறுவனத்தின், எஞ்சினை நடுவில் வைத்த நீர்த்துளி வடிவக் காரை ஓட்டிய பந்தய வீரர். 1931-இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே, அன்டோன் பீய்ஹ் இருவரோடும் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கிய மூன்றாமவர். பணமும் போட்டார், வணிகத்தையும் பார்த்தார். 1935-இல் அவருடைய பங்கு கைமாறியது. அதே ஆண்டு கைதாகி கிஸ்லாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையானதும் நாட்டை விட்டு வெளியேறி, 1967-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது என்ற, பிற்காலத்தில் போர்ஷேயின் முத்திரையாகிவிட்ட யோசனையைப் பந்தயத்தில் ஓட்டிப் பார்த்தவர் இவர். போர்ஷேயின் பந்தயப் பாரம்பரியம் எங்கே தொடங்குகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயரும் இவருடையதுதான்.

## ஆடி, இங்கோல்ஸ்டாட்

மியூனிக்கிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மியூனிக்கில் தங்கியிருப்பவருக்கு இது எளிது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்வருவது அலைச்சல். மாடிகளுக்கு இடையே ஓயாமல் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் லிஃப்டில் கார்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

அசலா என்ற கேள்வி கூர்மையாவது இங்கேதான். 1932-இல் ஆடி, டிகேடபிள்யூ, ஹோர்க், வாண்டரர் நான்கும் சேர்ந்து ஆட்டோ யூனியன் ஆனது; நான்கு வளையங்கள் அதன் அடையாளம். 16 சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்த அதன் பந்தயக் கார்கள் ட்விக்காவ் நகரத்தில் பிறந்தன. 1936-இல் ரோஸமையர் ஐரோப்பிய வாகையர். 1939 செப்டம்பர் 3, பிரிட்டனும் பிரான்ஸும் ஜெர்மனி மீது போர் அறிவித்த அதே நாளில், பெல்கிரேடில் இத்தாலிய வீரர் நுவோலாரி ஆட்டோ யூனியனை ஓட்டி வென்றார். போர் முடிந்ததும் ட்விக்காவ் சோவியத் பகுதிக்குள் போயிற்று. கார்களை ரஷ்யாவுக்கு அள்ளிச் சென்றுவிட்டார்கள். பெரும்பாலானவை சிதைந்துபோயின. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மிச்ச சொச்சங்கள் மீட்கப்பட்டு, இங்கிலாந்துப் பட்டறைகளில் உயிர் பெற்றன. சில கார்கள் முழுக்க முழுக்கப் புதிதாகவே கட்டப்பட்டன. ஆகவே வெள்ளி நிற ஆட்டோ யூனியன் முன் நின்றால் விளக்கப் பலகையை ஒரு வரி விடாமல் படியுங்கள். எந்தப் பகுதி பழையது, எது புதியது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2014-இல் ஆடியே ஏற்பாடு செய்த ஆய்வு வெளிவந்தது. போர்க்காலத்தில் ஆட்டோ யூனியனுக்காகவே அமைக்கப்பட்ட ஏழு முகாம்களில் 3,700 வதைமுகாம் கைதிகள் வேலை வாங்கப்பட்டதை அது வெளிக்கொணர்ந்தது. நிறுவனம் தானே முன்வந்து இதைத் தோண்டச் செய்ததை நான் மதிக்கிறேன்.

நவீன காலத்தில் ஆடியின் பங்கு பெரிது. நான்கு சக்கர இயக்கத்தோடு வந்த குவாட்ரோ கார், ராலிப் பந்தய உலகத்தையே மாற்றியது. 1981-இல் மிஷேல் மூட்டோன் சான்ரெமோ ராலியை வென்று, உலக ராலிப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். 1987-இல் வால்டர் ரோர்ல் பைக்ஸ் பீக் மலைப் பாதையை முதன்முறையாகப் பதினொரு நிமிடத்துக்குள் ஏறினார். லே மானில் 13 வெற்றிகள். அவற்றுள் 2006-இல் டீசல் காரின் முதல் வெற்றியும் 2012-இல் ஹைப்ரிட் காரின் முதல் வெற்றியும் அடக்கம். ராலி ரசிகர்கள் கேட்டால் ஸ்டுட்கார்ட்டை மறந்துவிட்டு இங்கே போங்கள் என்பேன்.

ஆட்டோ யூனியன்தான் உங்கள் காதல் என்றால் இங்கோல்ஸ்டாட்கூட இரண்டாம் இடம்தான். ட்விக்காவில் ஆடி தொடங்கிய பழைய தொழிற்சாலையிலேயே அவுகஸ்ட் ஹோர்க் அருங்காட்சியகம் இருக்கிறது. தென் ஜெர்மனியிலிருந்து தூரம் அதிகம். பெர்லின், லைப்சிக், டிரெஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்றது.

## பிஎம்டபிள்யூ, மியூனிக்

இது எஞ்சின் பிரியர்களுக்கு. 1983-இல் நெல்சன் பிக்கே டர்போ எஞ்சினோடு முதன்முதலாக ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்றபோது, பிராபம் அணியின் காரில் இருந்தது பிஎம்டபிள்யூவின் பால் ரோஷ குழுவினர் சாலைக் காரின் நான்கு சிலிண்டர் பிளாக்கிலிருந்து உருவாக்கிய ஒன்றரை லிட்டர் எஞ்சின். ஓவியர்கள் வண்ணம் தீட்டிய கார்களும் உண்டு: 1975-இல் அலெக்சாண்டர் கால்டர் தொடங்கி வைத்தார்; 1979-இல் ஆண்டி வார்ஹால் அரை மணி நேரத்துக்குள் தன் கையாலேயே தீட்டிய எம்1 லே மானில் ஓடி ஆறாவதாக வந்தது. அந்தக் கார்கள் உலகம் சுற்றுபவை, எப்போது எது இருக்கும் என்று சொல்ல முடியாது.

1940 மில்லே மிலியாவை வென்ற 328 காரின் படத்தைப் பார்த்தால் ஓட்டுநர் ஹுஷ்க ஃபோன் ஹான்ஸ்டைனின் மேலங்கியைக் கவனியுங்கள். அதில் நாஜிகளின் எஸ்எஸ் படையின் குறி இருக்கும். போருக்குப் பின் இவர்தான் போர்ஷேயின் பந்தயப் பிரிவை நடத்தினார். ரோசன்பெர்கர் வெளியேற்றப்பட்ட அதே நிறுவனத்தில்.

பந்தயத்துக்காக மட்டும் பயணம் வைப்பவருக்கு இந்த அருங்காட்சியகத்தை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். மியூனிக்கில் இருந்தால், ஒலிம்பிக் பூங்கா பக்கம் போகும்போது யு3 ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

## ஒரே பார்வையில்

| | மெர்சிடிஸ் | போர்ஷே | ஆடி | பிஎம்டபிள்யூ |
|---|---|---|---|---|
| பந்தயத்தில் வலுவான காலம் | 1911–1955 | 1951 முதல் இன்று வரை | 1934–39, 1981–2014 | 1940, 1970கள், 1983 |
| அசல் கார்கள் | மிக அதிகம் | மிக அதிகம், ஆனால் இடம் மாறும் | போருக்கு முந்தையவை பெரும்பாலும் மறுகட்டுமானம் | உண்டு, எண்ணிக்கை குறைவு |
| பொறியியலை நெருங்கிப் பார்க்க | சுமார் | மிக நன்று | நன்று | எஞ்சின்களுக்கு நன்று |
| தேவையான நேரம் | 4 மணி | 2 மணி | 2 மணி | 2 மணி |
| மறைமுகச் செலவு | கால்வலி. பந்தயக் கூடம் கடைசி | தேடி வந்த கார் வெளியூர் போயிருக்கலாம் | ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயில் நேரம் | ஓவியக் கார்கள் இல்லாமல் போகலாம் |
| பந்தய ஆர்வம் இல்லாத துணைக்கு | மிக ஏற்றது | பொறுமை வேண்டும் | குழந்தைகளுக்கு ஏற்றது | ஏற்றது |

## யார் எங்கே போகலாம்?

கூட அப்பா அம்மாவோ, கார் என்றால் கொட்டாவி விடும் நண்பரோ வந்தால் மெர்சிடிஸ். குதிரை வண்டிக் காலத்திலிருந்து போப்பாண்டவர் பயணம் செய்த வண்டி வரை அவர்களுக்கும் பார்க்க ஏராளம் இருக்கிறது. சரிவுப் பாதை நெடுகிலும் அந்தந்தக் காலத்தின் படங்கள் இருப்பதால் ஒரு நூற்றாண்டுச் சரித்திரமே கண்ணில் விரியும். இயந்திரப் பொறியியல் படிப்பவர் தனியாக வந்தால் போர்ஷே. ஐரோப்பாவின் முப்பதுகளைப் புரிந்துகொள்ள வருபவருக்கு மறுபடியும் மெர்சிடிஸ். அதற்குத் துணையாக ஒரு நாள் இருந்தால் ட்விக்காவ்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் காலையில் மெர்சிடிஸ், மதியத்துக்குப் பிறகு போர்ஷே என்று வைத்துக்கொள்வது நல்லது. பெரியதைப் புதிய காலோடு பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் நகரப் புறநகர் ரயிலே போதும். மாதச் சந்தாவான ஜெர்மனி டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டுட்கார்ட்டுக்குள் தனிச் செலவில்லை. அந்த டிக்கெட் நெடுந்தூர அதிவேக ரயில்களில் செல்லாது என்பதால், ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் போக நினைப்பவர் ஒன்று கூடுதல் பணமோ, மெதுவான ரயில்களில் கூடுதல் நேரமோ கொடுத்தாக வேண்டும். நினைவுப் பொருள் கடைகளில் சிறிய உலோகக் கார் பொம்மையின் விலை நுழைவுக் கட்டணத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெர்சிடிஸ், போர்ஷே, பிஎம்டபிள்யூ மூன்று அருங்காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஸ்டுட்கார்ட்டில் உங்களுக்குத் திங்கள் மட்டும்தான் ஓய்வு என்றால் சோர்ந்துவிடாதீர்கள். நகரத்துக்கு மேற்கே லியோன்பர்க் பக்கம், காடுகளுக்கு நடுவே சாலிடூட் பந்தயப் பாதை இருக்கிறது. 11.4 கி.மீ. சுற்று, 1965 வரை பந்தயங்கள் நடந்தன. 1962 ஜூலை 8 அன்று ரூவாங் நகரில் டான் கர்னி போர்ஷே 804-ஐ ஓட்டி பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்றார். உலக வாகையர் போட்டிகளில் போர்ஷே தன் சொந்தக் காரோடு வென்ற ஒரே ஃபார்முலா 1 பந்தயம் அது. அடுத்த வாரமே இங்கே, சொந்த ஊர் மக்கள் முன் மறுபடியும் வென்றார். இன்று அது பொதுச் சாலை. கிளெம்செக்கில் தொடக்கக் கோட்டருகே பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் நிற்கிறது. வாடகைக் காரிலோ சைக்கிளிலோ முழுச் சுற்றையும் போய்வரலாம். வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள் கூட்டம் அதிகம் இருக்கும் என்பதால் திங்கட்கிழமை இதற்குப் பொருத்தமான நாளும்கூட.